முறுக்காறுண்டோ, அம்மே?

காலாண்டுக் கணக்கு முடிந்து ஆபீசில் ஆணி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயத்தை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் கசப்பான விஷயம்தான். ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் எல்லோருக்கும் உபயோகப்படும். விஷயம் வெற்றிலை. இன்னும் சரியாகச் சொன்னால், வெற்றிலை போடும் நம் வீட்டுப் பெண்களின் வாய்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு மஸ்கட்டில் ஒரு பேங்கில் கடன் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். ஒரு கணக்கு கெட்டுப் போவதற்கு முன்னால் அது என்னென்ன அறிகுறி காட்டும் என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில். அந்தப் பழக்கத்தில்தான் இந்த விஷயத்தையும் பார்க்கிறேன். மருத்துவ முடிவுகளை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில், கல்யாண ஜவுளி கோயம்புத்தூரில். வேலந்தாவளம், கோபாலபுரம், வண்ணாமடை என்று எல்லை நெடுக இதே கதைதான். இடுக்கிப் பக்கம் போனால் கதை இன்னும் பெரியது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு பக்கம். கம்பம், போடி, உத்தமபாளையத்தில் இருந்து விடிகாலையில் ஜீப் ஏறி கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும் பெண்கள் இன்னொரு பக்கம்.

இந்தப் பெண்களில் வயதானவர்களின் இடுப்பைப் பாருங்கள். ஒரு சுருக்குப் பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, ஒரு துண்டு பொயலை. இதை வெறும் "கெட்ட பழக்கம்" என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. மலைக் குளிரில் மழையோடு நிற்கிறவர்களுக்கு அது சூடு. மத்தியானக் கஞ்சி வரும்வரை பசியைத் தள்ளிப் போடும் உபாயம். காலில் அட்டை ஏறினால் அதே சுண்ணாம்பும் பொயலையும்தான் மருந்து. களைப்பு தெரியாமல் இருக்க கங்காணியில் இருந்து கொழுந்து பறிக்கிறவர் வரை எல்லோரும் போடுவார்கள். ஆண்களுக்குப் பீடி, பெண்களுக்கு வெற்றிலை. பெண் பீடி பிடித்தால் ஊர் பேசும். வெற்றிலை போட்டால் தாம்பூலம், மங்களகரம்.

(ஈழத்து நண்பர்களுக்கு ஒரு துணுக்கு. கேரளத்தில் பழைய ஆட்கள் நல்ல பொயலையை "ஜாப்பாணம்" என்பார்கள். யாழ்ப்பாணம்தான் அப்படித் திரிந்துவிட்டது. 19-ம் நூற்றாண்டில் யாழ்ப்பாணப் புகையிலை கடல் வழியாகத் திருவிதாங்கூருக்கு வந்தது; அதை விற்கும் உரிமையை சமஸ்தானம் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நன்றாகச் சம்பாதித்தது.)

இனி கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன்.

என் பெரியம்மா, அம்மாவின் கூடப் பிறந்த அக்கா, வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். லயத்தில்தான் வீடு. பதினாலு வயதில் கொழுந்துக் கூடையும் வெற்றிலையும் ஒன்றாக வந்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். 2009-ல் பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெரியம்மா பன்னிரண்டு நாள் கூடவே இருந்தார். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் இப்படிக் கூட இருப்பவருக்கு ஒரு பெயர் உண்டு: பைஸ்டாண்டர். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவது, பிளாஸ்கில் சுடுதண்ணி பிடிப்பது, கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பது எல்லாம் பைஸ்டாண்டர் டியூட்டி.

அப்போதே பெரியம்மாவின் இடது கன்னத்துக்கு உள்ளே ஒரு புண் இருந்தது. மூன்று மாதமாக ஆறவில்லை. கேன்டீன் சாம்பார் எரிகிறது என்று தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டிருக்கிறார். கீழே மருந்துக் கடையில் கேட்டதற்கு பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவிக்கொள்ள ஒரு ஜெல்லும் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாளில் எத்தனை டாக்டர்கள், எத்தனை நர்சுகள் அவரிடம் பேசியிருப்பார்கள்! எல்லோரும் பெரியப்பாவைப் பற்றித்தான் கேட்டார்கள். அவரும் பெரியப்பாவைப் பற்றித்தான் சொன்னார்.

ஏழு மாதம் கழித்து வேறொரு மருத்துவமனையில் கண்டுபிடித்தபோது நான்காவது கட்டம். தாடை எலும்புக்குப் போய்விட்டது, கழுத்தில் நெறி கட்டிவிட்டது. 2010 கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார். ஸ்டென்ட் வைத்த பெரியப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பெரியம்மா அந்த ஆஸ்பத்திரியில் நோயாளி இல்லை. பைஸ்டாண்டருக்கு கேஸ் ஷீட் கிடையாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்னை விடவில்லை. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் முதல் ஆச்சரியம், இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர் நம் கேரளம்தான் என்பது.

1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும், பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து நடத்தியது. டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமை. 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஏழு பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய வாயையும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்பது. மீதி ஆறில் வழக்கமான சிகிச்சை மட்டும். ஒவ்வொரு பக்கமும் சுமார் 95 ஆயிரம் பேர். வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல, இதற்கென்று பயிற்சி கொடுக்கப்பட்ட பட்டதாரிகள். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. நல்ல வெளிச்சமும் இரண்டு கண்ணும்தான் கருவி.

2005-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்த மொத்தக் கணக்கில் வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. அதாவது ஊரில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைப்பதைவிட, வெற்றிலை போடுகிறவரைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதுதான் பலன் தருகிறது. பதினைந்து வருஷத் தொடர் கணக்கு 2013-ல் வந்தபோதும் பழக்கம் உள்ளவர்களிடம் 24 சதவீதம் சாவு குறைவு. அவர்களில் நான்கு சுற்றுக்கும் தவறாமல் வந்தவர்களிடம் 81 சதவீதம் குறைவு. (தவறாமல் வருகிறவர்கள் பொதுவாகவே உடம்பைக் கவனிக்கிறவர்களாக இருப்பார்கள் என்பதையும் கழித்துத்தான் இந்த 81-ஐப் பார்க்க வேண்டும். கடன் பிரிவுக்காரன் புத்தி!)

இப்போது அந்த அறிக்கையில் எனக்கு உறுத்திய இரண்டு எண்கள்.

ஒன்று, பழக்கம் உள்ள ஆண்களிடம் சாவு 43 சதவீதம் குறைந்தது. பெண்களிடம் 22 சதவீதம்தான். பெண்களில் நேர்ந்த சாவுகளின் எண்ணிக்கை சிறியது என்பதால் அந்த 22-ம் புள்ளியியல் கணக்கில் உறுதியாக நிற்கவில்லை.

இரண்டு, முதல் பார்வையில் சந்தேகம் என்று சொல்லி டாக்டரிடம் அனுப்பப்பட்டவர்கள் 5145 பேர். போனவர்கள் 3218 பேர். நூற்றுக்கு அறுபத்து மூன்று. மீதி முப்பத்தேழு பேர் போகவே இல்லை. வீட்டு வாசலுக்கே வந்து, இலவசமாகப் பார்த்து, "போங்கள்" என்று சொல்லியும் போகவில்லை. இதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று இந்த 63-ல் பிரிவு இல்லை. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, வலியே இல்லாத ஒரு வெள்ளைத் திட்டுக்காக நம் ஊர்ப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று உங்கள் வீட்டை வைத்தே யோசித்துப் பாருங்கள்.

ஆக, கண்டுபிடிப்பது சுலபம். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிவரை கொண்டு வந்து சேர்ப்பதுதான் கஷ்டம். ஆனால் அதே பெண் வேறு காரணங்களுக்காக ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறார்? புருஷனின் நெஞ்சு வலிக்கு, மகளின் பிரசவத்துக்கு, பேரனின் காய்ச்சலுக்கு, தன்னுடைய பி.பி. மாத்திரைக்கு என்று வருஷத்தில் எத்தனை நாள்! பஸ் செலவும் ஆகிவிட்டது, கூலியும் போய்விட்டது. டாக்டர் பத்தடி தூரத்தில். வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016-ல் மத்திய அரசு வகுத்த வழிமுறைப்படி 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். கேரளத்தில் 2022-ல் ஆஷா பணியாளர்கள் "சைலி" என்ற செயலியோடு வீடு வீடாகப் போய் 30 வயது தாண்டியவர்களின் விவரம் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" வந்தது. 2025 பிப்ரவரி 4-ல் கேரள அரசு தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனை இயக்கம் முதலில் பெண்களைத்தான் அழைத்தது. மார்பகம், கருப்பை வாய் இரண்டுக்கும் அதில் முக்கிய இடம். எல்லாம் நல்ல விஷயம்தான்.

ஆனால் எல்லை என்று ஒன்று இருக்கிறதே. தேனி மாவட்டத்து வீட்டுக்கு மருத்துவப் பணியாளர் வருகிற பகல் நேரத்தில் அந்த அம்மாள் இடுக்கி ஏலத்தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருப்பார். இடுக்கிக்காரர் வீடு வீடாகப் போகும்போது அந்த அம்மாளுக்கு அங்கே வீடே கிடையாது. தோட்டத்திலேயே குடியிருப்பவர்களுக்காவது எஸ்டேட் டிஸ்பென்சரி இருக்கிறது. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியதால் வந்தது. ஜீப்பில் வந்து போகிறவர் இரண்டு மாநிலத்துப் பேரேட்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்.

இன்னொரு எல்லையும் உண்டு, பாஷை. 2023-ல் லீவில் போயிருந்தபோது அப்பாவின் சர்க்கரை செக்கப்புக்காக ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழக்கம்போல் அம்மா பைஸ்டாண்டர். அப்பாவின் ரத்த ரிசல்ட் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பல் ஓ.பி. அதே வராந்தாவில்தான் இருந்தது. அம்மாவுக்கும் ஒரு சீட்டு போட்டுவிட்டேன். "எனக்கு என்னத்துக்கு, பல்லு வலி கூட இல்ல" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி. பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்து மகள் வீட்டுக்கு வந்தவராம். உள்ளே இருந்தது சின்ன வயது லேடி டாக்டர். அன்பாகத்தான் கேட்டார்: "அம்மே, முறுக்காறுண்டோ?"

பாட்டி பட்டென்று சொன்னார்: "பல்லே இல்ல கண்ணு, முறுக்க எங்க கடிக்கிறது?"

வராந்தாவே சிரித்தது. மலையாளத்தில் "முறுக்கு" என்றால் வெற்றிலை போடுவது. அங்கே வெற்றிலைக் கடைக்கே முறுக்கான் கடை என்றுதான் பெயர். அட்டெண்டர் அம்மா மொழிபெயர்த்தார்: "வெத்தல போடுவீங்களான்னு கேக்கறாங்க பாட்டி."

"அதா? அது அம்பது வருசமாப் போடறனே!"

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. டாக்டர் டார்ச்சை எடுத்தார். அந்த அட்டெண்டர் மட்டும் அங்கே இல்லாவிட்டால் சீட்டில் "பழக்கம் இல்லை" என்று எழுதியிருப்பார்கள்.

தமிழிலேயே கேட்டாலும் இதே சிக்கல் உண்டு. "புகையிலைப் பழக்கம் இருக்கா?" என்று கேட்டால் நம் அம்மாக்கள் "சேச்சே, இல்லை" என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சிகரெட் பிடிக்கிறவர்களைக் கேட்கும் கேள்வி. "வெத்தலை போடுவீங்களா? கூட என்ன வைப்பீங்க? ராத்திரி கன்னத்துல அடக்கிக்கிட்டுத் தூங்குவீங்களா?" என்று கேட்டால்தான் உண்மை வரும். இந்தியா முழுதும் 2016-17-ல் எடுத்த புகையிலை சர்வேயில் பெண்களில் 12.8 சதவீதம் பேர் புகையாத புகையிலை (மெல்லுவது, அடக்குவது, தேய்ப்பது) பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். புகைப்பதாகச் சொன்ன பெண்கள் 2 சதவீதம்தான். அதாவது நம் பெண்களின் புகையிலை கண்ணுக்குப் புகையாகத் தெரிவதே இல்லை.

"பொயலை இல்லாமல் வெறும் வெற்றிலை பாக்குதானே, ஜீரணத்துக்கு நல்லது" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தங்கமணியும் என்னிடம் இதையே கேட்டார். 2003-ல் அதே லியோன் முகமை கூடி முடிவு செய்தது: புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும், பாக்கு தனியாகவே உண்டாக்கும். பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற சத்து கன்னத்தின் உட்சதையில் நாரை வளர்த்து இறுக்கிவிடுகிறது. நாளாக ஆக வாய் திறப்பது குறுகும். சுண்ணாம்பு தன் பங்குக்கு காரத்தன்மையைக் கூட்டி, பாக்கின் சத்தும் புகையிலையின் நிகோடினும் வேகமாக உள்ளே இறங்க வழி செய்கிறது. குற்றம் கொடியில் விளையும் அந்தப் பச்சை இலையின் மேல் இல்லை, அதற்குள் மடித்து வைப்பதன் மேல்.

கேரளத்தில் 2012 மே மாதம் குட்கா, பான் மசாலாவைத் தடை செய்தார்கள். நல்லது. ஆனால் பாட்டியின் சுருக்குப் பை குட்கா பாக்கெட் இல்லையே!

சரி, என்ன பார்க்க வேண்டும்? அந்த லேடி டாக்டர் அம்மாவுக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன். வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். பல்செட் இருந்தால் கழற்ற வேண்டும். இரண்டு கன்னத்தின் உட்புறம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள பள்ளம், நாக்கின் மேல், இரண்டு ஓரம், நாக்குக்கு அடியில், மேலண்ணம், உதட்டின் உட்புறம். கடைசியாகக் கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை.

இதெல்லாம் இருந்தால் கவனம்:

- துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு
- வெல்வெட் போல சிவந்த திட்டு (வெள்ளையைவிட இது ஆபத்து அதிகம்)
- இரண்டு, மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், வலி இல்லாவிட்டாலும்
- காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்போல் அகலத் திறக்காமை
- காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி

இவற்றில் பாதி வலிக்கவே வலிக்காது. வலித்தபின் பார்ப்பது என்றால் பல சமயம் அது தாமதம்தான்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு உவமை உண்டு. இந்திய வங்கிகளில் ஒரு கடன் 90 நாள் தவணை தவறினால் அது வாராக் கடன். ஆனால் அதற்கு முன்பே, 30 நாள், 60 நாள் கட்டங்களிலேயே "தனிக் கவனத்துக்குரிய கணக்கு" என்று முத்திரை குத்திக் கண்காணிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லாத் தனிக் கவனக் கணக்கும் வாராக் கடன் ஆகிவிடாது. பெரும்பாலானவை ஒழுங்காகிவிடும். ஆனால் முத்திரை குத்தாமல் விட்டது திடீரென்று ஒரு நாள் மொத்தமாக விழும். வெள்ளைத் திட்டு அப்படிப்பட்ட தனிக் கவனக் கணக்கு. புற்றுநோய் அல்ல. ஆனால் பேரேட்டில் ஏற வேண்டியது.

அம்மாவின் வலது கன்னத்தில், பின்பக்கத்தில், ஒரு உளுந்து அளவுக்கு வெள்ளைத் திட்டு இருந்தது. டாக்டர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அளவை எழுதினார், படம் வரைந்தார், துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேறொரு இடத்துக்குச் சீட்டு கொடுத்தார். என் லீவில் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. எட்டாவது நாள் ரிசல்ட். செல்களில் லேசான மாற்றம் ஆரம்பித்திருக்கிறது, புற்றுநோய் இல்லை. வெற்றிலையை நிறுத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

அம்மா ரிசல்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

நானும் அப்பாவும் பதில் சொல்லவில்லை. இருந்திருக்கும்.

நிறுத்தினாரா என்று கேட்பீர்கள். ஐம்பது வருஷப் பழக்கம், ஒரு சீட்டில் நிற்காது. முதலில் பொயலை போயிற்று. பிறகு பாக்கு. இப்போது சுருக்குப் பையில் ஏலக்காயும் கிராம்பும் இருக்கின்றன. கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் உதடு சிவந்திருப்பதாக அப்பா போனில் போட்டுக் கொடுக்கிறார். :-) சண்டை போடுவதில்லை. எர்ணாகுளம் உட்பட மூன்று மாவட்டங்களில் 36 ஆயிரம் புகையிலைப் பழக்கக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு 1986-ல் லான்செட்டில் வந்தது. நேரில் போய்த் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னதிலேயே பலர் விட்டார்கள், குறைத்தார்கள். புதிதாக வெள்ளைத் திட்டு வருவதும் குறைந்தது. திட்டுவதைவிடத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் வேலை செய்கிறது போலும். போன மாதம் காட்டியபோது உளுந்து உளுந்தாகவே இருக்கிறது. பெரிதாகவில்லை. அடுத்த தேதி என் போன் காலண்டரில் இருக்கிறது.

இது பாலக்காடு, இடுக்கிக் கதை மட்டும் இல்லை. தோட்டம் போன இடமெல்லாம் வெற்றிலையும் கூடவே போயிருக்கிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் விகிதம் மலாய், சீனப் பெண்களைவிட இந்தியப் பெண்களிடம் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்கே தெரியும். இலங்கை மலையகத் தோட்டங்களிலும் இதே பிரச்சினைதான். லண்டனிலும் டொராண்டோவிலும் பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அம்மாக்களின் சூட்கேசில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் நாம் என்ன செய்ய முடியும்? மாதம் ஒரு முறையாவது ஊரில் யாரோ ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், நாம் பணம் அனுப்புவோம். அப்பாவின் ஆஞ்சியோவுக்கு அனுப்புகிறோம், தங்கையின் பிரசவத்துக்கு அனுப்புகிறோம். அனுப்பிய கையோடு போன் போட்டு, கூடப் போகிற தம்பியிடமோ மச்சானிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "ரிசல்ட் வர்ற நேரத்துல அம்மாவுக்கும் ஒரு சீட்டு போட்டு வாயைக் காட்டிடுப்பா. வெத்தலை போடுவாங்கன்னு டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு." அரசு ஆஸ்பத்திரியானால் ஓ.பி. சீட்டுக் காசுதான் செலவு. ஈ.என்.டி. டாக்டரும் பார்க்கலாம், பல் டாக்டரும் பார்க்கலாம்.

ஊருக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே முதல் பார்வை பார்த்துவிடலாம். போன் டார்ச் போதும். அம்மா வெட்கப்படுவார், "போடா" என்பார். பரவாயில்லை. நாம் குழந்தையாக இருந்தபோது நம் வாயில் எத்தனை தடவை விரலை விட்டு மண்ணையும் பொத்தானையும் எடுத்திருப்பார்!

உங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை ஓ.பி. என்று தெரிந்தவர்கள் உறவுக்காரர்களுக்குச் சொல்லி வையுங்கள். ஜீப்பில் போகும் பெண்கள் யாராவது உங்கள் சொந்தத்தில் இருந்தால் முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.